சாவியை மறைத்த இடது கை

முதலில் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் என் பக்கம் சரியாக இருப்பவை அவை மட்டும்தான். மருந்தகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1986 நவம்பரில். அந்தப் பெண் முதன்முதலாகப் படியேறி வந்தது 1987 ஜனவரி, பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை. சுகாதாரத் துறை அதிகாரி இரண்டாவது தடவை வந்தது அதே ஆண்டு அக்டோபர் 13, அதுவும் செவ்வாய்தான். அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கும் நாலேகால் மணிக்கும் இடையில் நான் செய்ததைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அன்றைய நாட்குறிப்பில் "அதிகாரி வந்தார். மழை" என்று மட்டும் இருக்கிறது. அறுபத்தொன்றாம் ஆண்டிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறவன் நான். மூன்று வார்த்தையோடு நிறுத்திய நாள் அது ஒன்றுதான்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு ஏற்றுமதி நிறுவனத்தில் கப்பலுக்கான தஸ்தாவேஜுகள் தயாரிக்கும் குமாஸ்தா. அப்பா காலத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். என் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். நான் மூன்று மொழியிலும் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். படித்ததிலும் பார்த்ததிலும் தேதி உள்ளது எதுவானாலும் ஒரு தடித்த நோட்டில் ஏறிவிடும். எங்கள் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாள், வைப்பின் தீவுக்குப் போகும் படகு நடுவழியில் எஞ்சின் நின்று மிதந்த நாள், பஜாரில் கடைசி மாட்டுவண்டியை நான் பார்த்த நாள். அட்டையில் 'ஊர்க் குறிப்பு' என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. என் மனைவி அதற்கு வைத்த பெயர் மூத்த சம்சாரம்.

மருந்தகம் எங்கள் முதலாளி இலவசமாகக் கொடுத்த இடத்தில், ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. வாசல் பலகையில் 'தோல் மருந்தகம்' என்று மட்டும் எழுதியிருக்கும். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் அங்கே பார்த்தது தொழுநோய் மட்டும்தான். முதலாளி தன் பங்காக, இடத்தோடு என்னையும் அந்த இரண்டு பிற்பகலுக்குக் கொடுத்திருந்தார். பதிவு என் வேலை. டாக்டர் நாகர்கோவில்காரர், ஐம்பதை நெருங்கிய பெண்மணி, அதிகம் பேசமாட்டார்.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் எண் அடித்த ஒரு தகர வில்லை உண்டு. வருகிறவர் வில்லையைக் கவுண்டரில் வைப்பார், நான் எண்ணைச் சொல்வேன், அவர் உள்ளே போவார். மேசைமேல் இருக்கும் பதிவேட்டில் எண், தேதி, மருந்து, அவ்வளவுதான். பெயரும் முகவரியும் முன்பெல்லாம் டாக்டரின் அலமாரியில் ஒரு தனி நோட்டில் இருந்தன. யாராவது மாத மருந்துக்கு வராமல் போனால் தேடிப் போவதற்காக அந்த நோட்டு. முதலாளி தன் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை மருந்தகத்துக்கு அனுப்பினார். டாக்டரின் தங்கை, களமசேரியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர், அந்த நோட்டை அதற்குள் ஏற்றி ஒரு பூட்டும் எழுதிக் கொடுத்தார்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று அவர் எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. எட்டு இலக்கம் கொண்ட ஓர் எண்தான் சாவி. பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் அந்த எட்டு இலக்கங்கள் வரிசையாக அத்தனை இடம் தள்ளிவிடும். சாவி தெரிந்தவன் கேட்டால் எழுத்துகள் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். தெரியாதவனுக்குத் திரையில் வெறும் குழப்பம்தான். சாவியை டாக்டரும் நானும் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும், தனக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றார்.

"பிறந்த தேதியப் போட்டுராதீங்க சார். உங்களப் பாத்தாலே தேதி போடுற ஆளுன்னு தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. தேதிதான் போட்டேன், ஆனால் யாருடைய பிறந்த நாளும் இல்லை. எந்தத் தேதி என்று இன்றும் சொல்வதாக இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் இன்றுவரை ஒழுங்கானவன்.

இனி அந்தப் பெண். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் பஜாரில் மூட்டை தூக்கியவர், இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு, லைன் வீடுகளில் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தார். தோப்பும்படியில் ஒரு பீலிங் ஷெட்டில் நாள் முழுக்க நின்று இறால் உரிக்கும் வேலை. இறாலின் தலையில் ஒரு முள் இருக்கும், கை தவறினால் சுருக்கென்று ஏறிவிடும். ஒரு நாள் அது சுண்டுவிரலில் ஏறி இரத்தம் வந்திருக்கிறது. பேசினில் ஐஸ் தண்ணீர் சிவப்பாவதைப் பக்கத்தில் நின்றவள் பார்த்துச் சொன்னபிறகுதான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. வலிக்கவே இல்லை. முன்கையில் ஒரு வெளுத்த தடம் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு வருடம் மருந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் விரல்களுக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் விடக் கூடாது என்றார்.

பதிவுக்கு என்னிடம் வந்தவர் உட்காரவில்லை.

"சாரே, பேரு எழுதுவீங்களா?"

கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் என்றேன்.

"இந்தப் பெட்டியா? டிவி மாதிரி இருக்கே. டிவின்னா நாலு வீட்டுச் சனமும் வந்து பாக்குமே."

உள்ளே டாக்டர் சிரித்தது கேட்டது. நான் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, பூட்டி, திரையைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் தன் பெயரின் எழுத்துகளை மட்டும் மகளிடம் கேட்டுப் படித்து வைத்திருந்தார். குனிந்து இடது கையால் திரையைத் தடவி ஒவ்வொன்றாகத் தேடினார்.

"என் பேரு எழுத்து ஒண்ணுகூட இல்லியே."

"அதான் பூட்டு."

"ஷெட்டுல தெரிஞ்சா அன்னைக்கே கையக் கழுவிட்டுப் போன்னுருவாங்க சாரே. ரூம்காரி சாமானத் தூக்கி வெளிய வைப்பா. பின்ன என் மகள யாரு கெட்டுவா? அதான் கேட்டேன், வேற ஒண்ணும் நினைக்காதீங்க."

என்னை மீறி இதை யாரும் பார்க்க முடியாது என்று நான் சொன்னேன். கேட்டவர் தலையாட்டினார். வீட்டு முகவரி சொன்னார். அடித்தேன். அடுத்த கட்டம் 'வேலை செய்யும் இடம்'. டாக்டர் உள்ளேயிருந்து வீட்டு முகவரி போதும் என்றார். கட்டம் காலியாக இருந்தால் பதிவு முழுமையாகாது என்று நான் சொன்னேன். காலிக் கட்டம் எனக்கு அப்போதெல்லாம் பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி. அந்தப் பெண் சற்றுத் தயங்கி ஷெட்டின் பெயரையும் சொன்னார். அதையும் அடித்துப் பூட்டினேன். அதன்பிறகு மாதம் தவறாமல் வந்தார். மருந்தால் முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. ஷெட்டில் கேட்டால் வெயில் என்று சொல்வதாகச் சொல்லிச் சிரித்தார்.

ஜூலையில் அதிகாரி முதல்முறை வந்தார். மாவட்டம் முழுக்கப் புது மருந்தைக் கொண்டுபோகும் திட்டத்துக்குப் பொறுப்பாளர். கெட்ட மனிதர் என்று எழுத எனக்குக் காரணமே இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எப்படி ஒழிப்பது, நோயாளியின் வீட்டில் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டாமா, மருந்து அரசாங்கத்தினுடையதாக இருக்கும்போது யாருக்குப் போகிறது என்று அரசாங்கம் கேட்கக் கூடாதா என்றெல்லாம் அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. டாக்டர் எண்ணிக்கை தருகிறேன், பெயர் தரமாட்டேன் என்றார். குடும்பத்தாரைத் தானே வரவழைத்துப் பரிசோதிப்பதாகவும் சொன்னார். அதிகாரி கொண்டுவந்த கடிதத்தில் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று இருந்தது. டாக்டர், பூட்டைத் திறக்காமலே ஒரு ஃபிளாப்பியில் நகல் எடுக்கச் சொல்லி அதிகாரி கையில் கொடுத்தார்.

"கடிதத்துல கேட்டது இதான? கொண்டு போங்க."

அவர் போனபிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அக்டோபரில் அவர் திரும்பி வந்தபோது டாக்டர் ஒரு கருத்தரங்குக்காகச் சென்னை போயிருந்தார். சனிக்கிழமைதான் வருவார். அன்று மருந்து கொடுக்க மட்டும் ஒரு நர்ஸ் வந்து மூன்று மணிக்கே போய்விட்டார். துலாவருஷம் என்று இங்கே சொல்லும் வடகிழக்குப் பருவமழை இடியோடு பிடித்துக்கொண்டது. நோயாளிகள் யாரும் இல்லை. அதிகாரி நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து அதே ஃபிளாப்பியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். நான் தமிழன் என்று தெரிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"எங்க ஆப்பீஸ்ல மூணு மாசம் நோக்கியாச்சு. திருவனந்தபுரத்துலேர்ந்து ஒரு ஆளும் வந்து நோக்கியாச்சு. ஒண்ணும் கிட்டல. ஆராக்கும் சாரே இதச் செஞ்சது?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பூட்டு தாங்கியிருக்கிறது. டாக்டரின் தங்கை என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுத்துகள் எப்படி நகர்கின்றன, எட்டு இலக்கம் எப்படிச் சுழல்கிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். இதைப் புரிந்துகொள்ள நல்ல மூளை வேண்டும் என்றார். பக்கத்தில் என் ஊர்க் குறிப்பு கிடந்தது. இது என்ன என்று கேட்டு எடுத்துப் புரட்டினார். அவருடைய சின்ன வயதில் அவர் மாமா வீடும் எங்கள் சந்தில்தான் இருந்ததாம். குழாய்த் தண்ணீர் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டார். மாதத்தோடு சொன்னேன். அவர் தன் பாக்கெட் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

நான் சொன்ன ஒன்றை இன்னொருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல்தடவை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு காரணம் எதையும் தேடிக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அவர் என்னை மிரட்டவில்லை. பெயர் தராத இடங்களுக்கு மருந்து நிற்கும் என்று ஓர் உத்தரவு வரக்கூடும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார், அதை நான் அப்போது பொருட்படுத்தவும் இல்லை. டாக்டர் வரட்டும் என்று சொல்லியிருந்தால் சனிக்கிழமை வருகிறேன் என்று போயிருப்பார். சென்னைக்கு ஒரு டிரங்க் கால் போட்டிருக்கலாம், தொலைபேசி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"இது சரியா துறக்குமோ? இல்லேன்னா பூட்டினதோட போச்சோ?" என்று அவர் கேட்டார்.

திறக்கும் என்றேன். திறந்து காட்டினேன்.

எட்டு இலக்கங்களை அடிக்கும்போது இடது கையைக் குவித்து விசைப்பலகையை மறைத்துக்கொண்டேன். அவரும் நாகரிகமாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவியை அவர் பார்க்கக் கூடாது என்பதில் நான் அவ்வளவு குறியாக இருந்தேன். திரையில் குழப்பமெல்லாம் ஒரு கணம் நடுங்கி, வரிசை வரிசையாகப் பெயர்களாக நின்றது. அவர் திரும்பிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். ஒரு பிரதி எடுக்கலாமா என்றார். பிரிண்டரை ஓடவிட்டேன். அது கர்கர்ரென்று அடித்து முடித்ததும், தாளின் இரு ஓரத்திலும் ஓட்டைபோட்ட பட்டைகளை நானே கிழித்து, பக்கங்களை ஒழுங்காகத் தட்டி, பின் போட்டு, மேல் மூலையில் அன்றைய தேதியை எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு மழை விட்டதும் போனார்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்தபோது என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: சாவியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்ததிலிருந்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டாக்டர் திரும்பி வந்ததும், அதிகாரி வந்தார், ஃபிளாப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் முதல் வாரத்தில் ஜீப் புறப்பட்டது. பட்டியலோடு சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். சில வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை. சில வீடுகளில் குழந்தைகளுக்குத் தடம் இருந்ததைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் அறை பகலில் பூட்டியிருந்தது. அதனால் அவர்கள் தாளில் அடுத்த கட்டத்தைப் பார்த்தார்கள். நான் வற்புறுத்திக் கேட்டு நிரப்பிய கட்டம். ஜீப் தோப்பும்படிக்குப் போய் ஷெட் வாசலில் நின்றது. கையில் கோப்போடு இரண்டு பேர் இறங்கி, சூப்பர்வைசரிடம் பெயர் சொல்லிக் கேட்டார்கள். வெளியே வரவழைத்து, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று அக்கறையாக விசாரித்து, கையைத் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளே எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் வரவேண்டாம் என்று அன்று மாலையே சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை அவரே என்னிடம் சொன்னார்.

மருந்துக்கு அது அவருடைய நாள் இல்லை. உள்ளே டாக்டர் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கதவு மூடியிருந்தது. வில்லையைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார். அழவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"அவுங்களுக்கு எப்படி சாரே கிட்டுச்சு?"

பதிவேட்டை நான் நேராக்கி வைத்தேன். பிறகு சொன்னது இது:

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு ஆயிருக்கும்போல. அதுலேருந்து எடுத்துட்டாங்க."

"பூட்டியிருக்குன்னு சொன்னீங்கல்லோ."

"பூட்டத்தான் செஞ்சோம்."

அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். தூசி படாமல் நான் போட்டிருந்த பூப்போட்ட துணியோடு அது உட்கார்ந்திருந்தது.

"அப்ப இனியும் போகும்" என்றார். வில்லையை என் பக்கம் தள்ளிவிட்டுப் படியிறங்கினார். டாக்டர் கதவைத் திறந்தபோது அவர் தெரு முனையைத் தாண்டியிருந்தார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை.

பொய்க்கு ஒரு நல்ல உடை கிடைத்துவிட்டதுதான் எனக்கு வினையாயிற்று. டாக்டரின் தங்கை செய்தி கேட்டுப் பதறி வந்தார். யாரிடமாவது சாவியைச் சொன்னீர்களா சார் என்று கேட்டார். இல்லை என்றேன். அது முழு உண்மை. அந்த உண்மையை நம்பி அவர் தன் பூட்டில் ஓட்டை தேட ஆரம்பித்தார். அடுத்தடுத்த நாலைந்து செவ்வாய்க்கிழமைகள் கல்லூரி முடிந்து படகேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எழுதியதை வரி வரியாக அச்சடித்து, சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டே போனார். எட்டு இலக்கம் போதவில்லையோ, ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் நிறைய இருந்ததால் கண்டுபிடித்துவிட்டார்களோ என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். நான் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுப்பேன். ஒரு நாள் அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, "என்னால ஒரு பொம்பளைக்கு வேலை போச்சு சார்" என்றார். அப்போதும் நான் சாயா ஆறுகிறது என்றுதான் சொன்னேன்.

டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் அறைக்கு இரண்டு முறை போய்வந்தார். முதல் முறை கதவு திறக்கவில்லை, இரண்டாவது முறை அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். வில்லையைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். டிசம்பர் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்தாள். ஜனவரி இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போனபிறகு, டாக்டரின் முன்னால் நின்று அக்டோபர் பதின்மூன்றாம் தேதி நடந்ததைச் சொன்னேன். இடது கையைக் குவித்ததைக்கூட விடவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாவி ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் அன்னைக்கு இங்க இல்ல. நவம்பர்லேயே எனக்குத் தெரியும்."

"நீங்க கேக்கலியே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் காத்திருந்ததும் தப்பு, என் தங்கச்சி பாவம்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்த அம்மாகிட்டச் சொன்னீங்களா?" என்றார்.

தங்கையிடம் மறுநாளே சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவை மூடி பைக்குள் போட்டார். அதன்பிறகு மூன்று வருடம், நான் எதிரே வந்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணைத் தேடுவது எளிதாக இல்லை. மற்ற நோயாளிகளிடம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை, அந்த அளவு புத்தி வந்திருந்தது. அறையை வாடகைக்கு விட்டிருந்த ரூம்காரி முதலில் என்னை உள்ளேயே விடவில்லை. இரண்டாவது தடவை, இடக்கொச்சிப் பக்கம் எங்கேயோ போய்விட்டாள், மகள் பள்ளிக்கூடத்தையும் விட்டாயிற்று என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். மார்ச் மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இடக்கொச்சியில் காயலோரமாக நடந்தேன். மூன்றாவது ஞாயிறு ஒரு ஓலை வேய்ந்த சாய்ப்பில் அவரைப் பார்த்தேன். ஷெட்டுக்குப் போகாமல் ஏஜெண்டுகள் வீட்டில் கொண்டுவந்து போடும் இறாலை உரித்துக்கொண்டிருந்தார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை வேகமாக ஓடியது. அம்மாவின் இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்தன. போன வருடம் ஜனவரியில் என் திரையைத் தடவிப் பார்த்தபோது அவை நேராக இருந்தன.

"சாரா? இத்தன தூரம் வந்தீங்களே. சாயா குடிக்கிறீங்களா?" என்று எழுந்தார்.

வேண்டாம் என்றேன். மகளைத் தண்ணீர் எடுக்க அனுப்பினார். நான் சொன்னேன். கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை, அதிகாரி வந்து கேட்டார், நானே திறந்து, நானே தாளில் எடுத்துக் கொடுத்தேன், உங்களிடம் சொன்னது பொய். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ள ஆயத்தமாகவும் வந்திருந்தேன்.

அவர் இறாலை வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். மடங்கிய விரல்களை மற்ற கையால் நிமிர்த்தித்தான் துடைக்க வேண்டியிருந்தது.

"பெட்டி கேடாயிருச்சுன்னு சொன்னீங்க. சரி, மருந்து வாங்க ஒவ்வொரு தடவ போகும்போதும் அதுலேர்ந்து பேரு வெளிய போய்க்கிட்டேதான் இருக்கும்னு நான் நினைச்சேன். புது எடத்துலயும் ஜீப்பு வந்து நிக்கும்னு. அதாக்கும் மருந்த விட்டேன்." துணியை மடித்து வைத்து, "ஒரு ஆளு செஞ்சதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த ஆளு இல்லாத நாளாப் பாத்து வந்திருப்பேன்ல சாரே" என்றார்.

நான் திறந்து கொடுத்த பட்டியல் அவருடைய வேலையை எடுத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விரல்களை எடுத்தது என் பொய் என்பது அந்தச் சாய்ப்பில் நின்றபோதுதான் தெரிந்தது. அக்டோபரில் செய்ததற்குச் சொல்லிக்கொள்ள ஒரு மனிதனுக்கு அதிகாரியின் பேச்சு, மழை, பாராட்டு என்று ஏதாவது சாக்கு உண்டு. நவம்பரில் கவுண்டரில் சொன்னதற்கு ஒன்றும் இல்லை.

மருந்து இன்னும் தொடங்கலாம், மேலே மடங்காமல் தடுக்கலாம், டாக்டர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். தன் பெயர் இப்போதும் அதில் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் கம்ப்யூட்டரில் 'வேலை செய்யும் இடம்' கட்டத்தை எல்லோருக்கும் அழித்துவிட்டோம், அரசாங்கத்திடம் போன தாளை என்னால் திரும்ப வாங்க முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. அவர் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த நாளு இருப்பீங்க?"

"செவ்வாயும் வெள்ளியும். ரெண்டு நாளும்."

"அப்ப நான் எந்த நாளு வர?"

மகள் தண்ணீரோடு வந்துவிட்டாள். நான் புறப்பட்டேன். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் சாவியை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இனி வரமாட்டேன், இடக்கொச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அதை யார் மூலமாவது சொல்லி அனுப்புங்கள் என்றேன். முதலாளியிடம் உடல்நிலை என்று சொன்னேன். அதுவும் பொய்தான், ஆனால் யாரையும் தொடாத பொய்.

ஒரு வருடம் கழித்து, 1989இல், படகுத்துறையில் டாக்டரைப் பார்த்தேன். எவ்வளவோ பேசலாம் என்று இருந்தது. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், அந்த அம்மா வந்தார்களா, விரல் எப்படி இருக்கிறது என்று.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாக இல்லை.

"அத உங்ககிட்ட நான் சொல்லக் கூடாது" என்றார்.

சரிதான் என்றேன். படகு வந்தது, அவர் ஏறிக்கொண்டார்.